மரபணு ஊசி சானடோரியத்துக்கு எப்போது வரும்?

எச்.ஐ.வி. வைரஸை வைத்தே ஒரு நோயைக் குணப்படுத்தப் போகிறோம் என்று 1995இல் தாம்பரம் சானடோரியத்தில் யாராவது சொல்லியிருந்தால், அங்கிருந்த டாக்டர்களே அவரை ஏற இறங்கப் பார்த்திருப்பார்கள். இன்று வேலூரில் அதுதான் நடந்துகொண்டிருக்கிறது. ரத்தம் உறையாத நோயாளிகளின் செல்களுக்குள் மருந்து மரபணுவைச் சுமந்து போவது, நச்சு நீக்கப்பட்ட எச்.ஐ.வி.தான். மரபணுப் பொறியியலின் எதிர்காலத்தைப் பற்றி எழுதுகிறவர்கள் வழக்கமாக அமெரிக்க ஆய்வகம் ஒன்றிலிருந்துதான் தொடங்குவார்கள். நமக்கு அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை. அதன் நன்மை, ஆபத்து, விலை மூன்றையும் தாம்பரம் வழியாகப் போகும் ஜி.எஸ்.டி. ரோட்டில் நின்றுகொண்டே பேசிவிடலாம்.

குரோம்பேட்டைக்கு அடுத்து வரும் ரயில் நிலையத்தின் பெயரிலேயே சானடோரியம் இருக்கிறது. இறங்கினால் ஒரு பக்கம் மெப்ஸ் ஏற்றுமதி வளாகத்துக்குப் போகும் கூட்டம். அக்கம்பக்கத்திலேயே தேசிய சித்த மருத்துவ நிறுவனமும் அரசு நெஞ்சக நோய் மருத்துவமனையும். ஊருக்குப் பெயர் கொடுத்தது இந்த மருத்துவமனைதான். காசநோய்க்கு நல்ல காற்றும் ஓய்வும் தவிர வேறு மருந்து இல்லாத காலத்தில், 1928இல், டாக்டர் டேவிட் சவுரி முத்து நகரத்துக்கு வெளியே இதைத் தொடங்கினார். 1937இல் அரசு எடுத்துக்கொண்டது. பிறகு காசநோய்க்கு மாத்திரை வந்தது. மரநிழலில் மாதக்கணக்கில் படுத்துக் கிடக்க வேண்டிய தேவை போயிற்று. அந்த இடத்துக்கு எச்.ஐ.வி. வந்து சேர்ந்தது.

இந்தியாவில் இந்த வைரஸ் முதலில் கண்டுபிடிக்கப்பட்டதும் சென்னையில்தான். 1986இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் பேராசிரியர் சுனிதி சாலமன், தம் மாணவி செல்லப்பன் நிர்மலாவிடம் ஒரு ஆய்வைக் கொடுத்தார். பாலியல் தொழிலில் இருந்த பெண்களிடம் ரத்த மாதிரி எடுத்துச் சோதிக்க வேண்டும். இங்கே யாருக்கும் இருக்காது என்றுதான் எல்லாரும் நினைத்திருந்தார்கள். சென்னையில் சோதிக்க வசதி இல்லை. நிர்மலா மாதிரிகளைத் தம் வீட்டுப் பிரிட்ஜில் சேர்த்து வைத்தார். பிறகு கணவரோடு ராத்திரி ரயிலேறி, ஐஸ் பெட்டியைக் கொண்டுபோய் வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையில் இறக்கினார். ஆறு மாதிரிகளில் வைரஸ் இருந்தது. சென்னைக்கும் வேலூருக்கும் நடுவே இந்த வைரஸ் போட்ட முதல் பாதை அது. இரண்டாவது பாதைக்கு இன்னும் சுமார் நாற்பது வருஷம் ஆயிற்று.

எச்.ஐ.வி. வந்தவர்களை முதலில் தாக்குவது பெரும்பாலும் காசநோய். ஆகவே அவர்கள் இயல்பாகவே சானடோரியத்துக்கு வந்தார்கள். வேறு பல இடங்களில் படுக்கை கொடுக்க மறுத்ததும் ஒரு காரணம். தமிழ்நாடு மட்டுமல்லாமல் ஆந்திரத்திலிருந்தும் நோயாளிகள் வந்தார்கள். சில ஆண்டுகளில் நாட்டிலேயே மிக அதிகமான எச்.ஐ.வி. நோயாளிகளைப் பார்க்கும் மருத்துவமனைகளில் ஒன்றாக அது ஆகிவிட்டது. வைரஸுக்கு மருந்து கையில் இல்லாத அந்த நாட்களில் கண்காணிப்பாளராக இருந்த டாக்டர் செ. நெ. தெய்வநாயகம், இரசகந்தி மெழுகு, அமுக்கராச் சூரணம், நெல்லிக்காய் இலேகியம் மூன்றையும் சேர்த்துக் கொடுத்துப் பார்த்தார். அந்த மருந்துகள் வைரஸை என்ன செய்தன என்பது வேறு விவாதம். அலோபதி டாக்டர் ஒருவர் அரசு மருத்துவமனையில் சித்த மருந்தைக் கையில் எடுத்தார் என்பதிலிருந்தே அன்றைய கையறு நிலை புரியும்.

உலகத்தில் மருந்து இல்லாமல் இல்லை. மூன்று மருந்துகளைச் சேர்த்துக் கொடுத்தால் வைரஸ் அடங்கும் என்று 1996லேயே நிரூபணமாகிவிட்டது. விலைதான் ஆண்டுக்கு 10,000 டாலருக்கு மேல். 2001இல் மும்பையின் சிப்லா நிறுவனம் அதே கூட்டு மருந்தை ஆண்டுக்கு 350 டாலருக்குத் தருகிறேன் என்று அறிவித்தது. ஒரு நாளைக்கு ஒரு டாலருக்கும் குறைவு. 2004 ஏப்ரல் 1 அன்று மத்திய அரசு இலவசமாகக் கொடுக்கத் தொடங்கியது. முதல் மையங்களில் தாம்பரமும் ஒன்று. கண்டுபிடிப்புக்கும் தாம்பரத்து வரிசைக்கும் இடையே எட்டு வருஷம். அந்த எட்டு வருஷத்தில் சானடோரியத்தில் இறந்தவர்கள், அறிவியல் போதாமல் இறந்தவர்கள் இல்லை. மரபணு சிகிச்சை பற்றிப் பேசும்போதெல்லாம் எனக்கு இந்த இடைவெளிதான் முன்னால் வந்து நிற்கிறது.

சரி, சாவுக்குக் காரணமான வைரஸ் எப்படி மருந்துக்கு வாகனமாயிற்று?

எச்.ஐ.வி.யின் முழு மரபணுச் செய்தியும் சுமார் 9,700 எழுத்துகள். மரபணுக்கள் ஒன்பதே ஒன்பது. நம் டி.என்.ஏ.வில் 300 கோடி எழுத்துகள். அளவைப் பார்த்தால் ஒப்பிடவே கூடாது. ஆனால் மற்ற பல வைரஸ்களுக்கு இல்லாத ஒரு சாமர்த்தியம் இதற்கு உண்டு. செல்லுக்குள் நுழைந்ததும் தன் ஆர்.என்.ஏ.வை டி.என்.ஏ.வாக மாற்றி, நம் குரோமோசோமை வெட்டி, நடுவில் தன்னைச் சொருகிக்கொள்ளும். அதன் பிறகு அந்தச் செல் பிரியும்போதெல்லாம் சொருகலும் சேர்ந்தே நகலாகும். மாத்திரை சாப்பிடுகிறவர் உடம்பில் வைரஸ் அடங்கிக் கிடந்தாலும் முழுக்கப் போய்விடாததற்கு இதுதான் காரணம். மருந்தை நிறுத்தினால் சொருகி வைத்த இடத்திலிருந்து மீண்டும் எழும்பும்.

இதைக் கண்ட விஞ்ஞானிகளுக்கு ஒரு யோசனை வந்தது. நிரந்தரமாகச் சொருகிக்கொள்வதுதானே மரபணு சிகிச்சைக்கும் வேண்டும்? ஜி.எஸ்.டி. ரோட்டில் போகும் கன்டெய்னர் லாரியில் உள்ளே இருக்கும் சரக்கை இறக்கிவிட்டு வேறு சரக்கை ஏற்றுவது போல, வைரஸின் சொந்த மரபணுக்களை அகற்றிவிட்டு வேண்டிய மரபணுவை வைத்தார்கள். வைரஸை உற்பத்தி செய்யத் தேவையான மரபணுக்களை மூன்று நான்கு தனித்தனி டி.என்.ஏ. துண்டுகளாகப் பிரித்தார்கள். ஆய்வகச் செல்லில் அவை ஒன்றாக இருக்கும்போது மட்டும் வைரஸ் கூடு தயாராகும். நோயாளியின் செல்லுக்குள் போன பிறகு அதனால் குட்டி போட முடியாது. மேலுறையும் எச்.ஐ.வி.யினுடையது இல்லை. மாடு, குதிரைகளின் வாயில் கொப்புளம் உண்டாக்கும் வேறொரு வைரஸின் உறையைப் போர்த்தியிருக்கிறார்கள். அதனால் அது எச்.ஐ.வி. தேடிப் போகும் செல்களோடு நிற்காமல் பல வகைச் செல்களுக்குள் நுழையும். இப்படிச் செய்த வாகனத்துக்கு லென்டிவைரஸ் வெக்டர் என்று பெயர். இதனால் யாருக்கும் எய்ட்ஸ் வராது.

வேலூருக்கு வருவோம். ஹீமோபிலியா ஏ நோயில், ரத்தம் உறையத் தேவையான எட்டாம் காரணி என்ற புரதம் சுரப்பதில்லை. அதற்கான மரபணு எக்ஸ் குரோமோசோமில் இருப்பதால் நோய் பெரும்பாலும் ஆண்களுக்கு. பெரும்பாலானவர்களுக்கு அம்மா வழியாக வரும். பார்க்கிறவர்கள் வெட்டுக்காயத்தைத்தான் நினைத்துப் பயப்படுவார்கள். உண்மையான தொல்லை மூட்டில். காரணமே இல்லாமல் முழங்காலுக்குள் ரத்தம் கசியும், மூட்டு வீங்கும், இரண்டு நாள் எழுந்திருக்க முடியாது. இப்படியே போனால் 25 வயதுப் பையன் கம்பை ஊன்றி நடப்பான். தமிழ்நாட்டு அரசு மருத்துவமனைகளில் எட்டாம் காரணி ஊசி இலவசம்தான். ஆனால் அது உடம்பில் அதிக நாள் தங்காது. வாழ்நாள் முழுக்கக் குத்திக்கொண்டே இருக்க வேண்டும்.

மேல்நாட்டில் இதற்கு ஒரு மரபணு சிகிச்சை ஏற்கெனவே வந்தது. ஏ.ஏ.வி. என்ற வேறொரு வைரஸில் மரபணுவை ஏற்றிக் கல்லீரலுக்கு அனுப்புவார்கள். 2023இல் அமெரிக்கா அனுமதி கொடுத்தது. அன்றைய விலை 29 லட்சம் டாலர். அது குரோமோசோமில் சொருகிக்கொள்வது அரிது என்பதால் வருஷம் ஆக ஆகப் பலன் குறைகிறது. அந்த வைரஸுக்கு எதிர்ப்புச் சக்தி ஏற்கெனவே உடம்பில் இருப்பவர்களுக்கு அதைக் கொடுக்கவும் முடியாது.

சி.எம்.சி.யில் டாக்டர் அலோக் ஸ்ரீவத்சவாவின் குழு, அமெரிக்காவின் எமரி பல்கலைக்கழகத்தாரோடு சேர்ந்து வேறு வழியில் போனது. நோயாளியின் ரத்தத்திலிருந்து மூலச் செல்களைப் பிரித்தெடுத்தார்கள். வெளியே வைத்து லென்டிவைரஸ் வெக்டரால் எட்டாம் காரணியின் மரபணுவைச் சொருகினார்கள். எலும்பு மஜ்ஜையில் இடம் உண்டாக்கக் கடுமையான கீமோ மருந்து கொடுத்துவிட்டு, திருத்திய செல்களைத் திரும்ப ஏற்றினார்கள். அந்தச் செல்களின் வழிவந்த ஒரு வகை வெள்ளணுக்கள் எட்டாம் காரணியைச் சுரக்கும். சொருகிய மரபணு முழுக்க மனிதனுடையதும் இல்லை. மனித எட்டாம் காரணி செல்லை விட்டு வெளியே வரவே சோம்பல்படும். பன்றியினுடையது தாராளமாக வரும். ஆகவே சில பகுதிகளைப் பன்றியிலிருந்து எடுத்து ஒட்டியிருக்கிறார்கள். பன்றி என்றதும் முகம் சுளிக்கிறவர்கள், 1982க்கு முன்னால் சர்க்கரை நோயாளிகள் போட்டுக்கொண்ட இன்சுலின் பன்றியின் கணையத்திலிருந்தும் மாட்டின் கணையத்திலிருந்தும்தான் வந்தது என்பதை நினைத்துப் பார்க்கலாம். இன்று செம்பாக்கத்திலோ மாடம்பாக்கத்திலோ ஒரு வீட்டுப் பிரிட்ஜின் கதவில் முட்டைக்குப் பக்கத்தில் இருக்கும் இன்சுலின் பேனா, மனித மரபணுவைப் பாக்டீரியாவுக்குள்ளோ ஈஸ்ட்டுக்குள்ளோ வைத்துச் செய்தது. மரபணுப் பொறியியல் வேண்டுமா வேண்டாமா என்ற பட்டிமன்றம் நடக்கும் வீட்டிலேயே அது நாற்பது வருஷமாகக் குடியிருக்கிறது.

வேலூர் முடிவுகள் 2024 டிசம்பரில் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின் இதழில் வந்தன. 22 முதல் 41 வயது வரையிலான ஐந்து பேர். சிகிச்சைக்குப் பிறகு ஐவருக்கும் ரத்தக்கசிவு பூஜ்யம். முதல் இருவரிடம் எட்டாம் காரணியின் அளவு ஒற்றை இலக்க சதவீதத்தில்தான் நின்றது. வைரஸ் நுழைவதை எளிதாக்கும் ஒரு பொருளைச் சேர்த்துச் செய்த அடுத்த மூவருக்குச் சுமார் 19இலிருந்து 40 சதவீதம் வரை ஏறியது. கடுமையான ஹீமோபிலியா என்றால் 1 சதவீதத்துக்கும் கீழே என்பதால், முதல் இருவருக்குக் கிடைத்ததும் சின்ன விஷயமில்லை. செய்தித்தாள்கள் கொண்டாடியதில் தப்பில்லை. ஆனால் ஐவரின் கண்காணிப்புக் காலத்தையும் கூட்டினால் 81 மாதங்கள். ஆளுக்குச் சராசரி பதினாறு மாதம் சொச்சம். நிரந்தரமாகச் சொருகும் ஒரு சிகிச்சைக்கு இது மிகக் கொஞ்ச காலம்.

ஏன் என்பதற்குப் பாரிஸில் ஒரு பழைய பாடம் இருக்கிறது. நோய் எதிர்ப்புச் சக்தியே இல்லாமல் பிறந்த ஆண் குழந்தைகளுக்கு 1999 முதல் அங்கே மரபணு சிகிச்சை கொடுத்தார்கள், பிறகு லண்டனிலும். குழந்தைகள் பிழைத்தார்கள். வீட்டுக்குப் போனார்கள், விளையாடினார்கள். 2002இல் முதல் குழந்தைக்கு ரத்தப் புற்றுநோய் வந்தது. இரண்டு ஊரிலும் சேர்த்து 20 பேரில் ஐவருக்கு வந்தது, ஒருவர் இறந்தார். அன்று பயன்படுத்தியது எலியின் ரத்தப் புற்று வைரஸிலிருந்து செய்த வாகனம். அது தன்னைச் சொருகிக்கொண்ட இடம், செல் வளர்ச்சியைத் தூண்டும் ஒரு மரபணுவின் வாசல்படி. சொருகலில் இருந்த விசை அந்த மரபணுவையும் முடுக்கிவிட்டது. எந்த இடத்தில் சொருக வேண்டும் என்று வைரஸுக்கு நாம் உத்தரவு போட முடியாது என்பதுதான் அடிப்படைச் சிக்கல்.

லென்டிவைரஸ் இந்த விஷயத்தில் கொஞ்சம் சாது. மரபணுவின் வாசலில் நிற்பதைவிட நடுப்பகுதியில் போய் உட்காருவது அதன் பழக்கம். பக்கத்து மரபணுவை முடுக்கும் பகுதியையும் வெட்டிவிட்டார்கள். அப்படியும் ஆபத்து தீர்ந்துவிடவில்லை. மூளையைத் தாக்கும் ஒரு பரம்பரை நோய்க்காக லென்டிவைரஸ் சிகிச்சை பெற்ற 67 சிறுவர்களில் ஏழு பேருக்கு ரத்தப் புற்று வந்ததாக 2024 அக்டோபரில் அதே இதழில் வெளியாயிற்று. அந்த வாகனத்தில் மரபணுவை இயக்க வைத்த விசை பலமானது. வேலூரில் வைத்தது குறிப்பிட்ட வகை வெள்ளணுக்களில் மட்டும் வேலை செய்யும்படி தேர்ந்தெடுத்தது. நியாயமான நம்பிக்கை இருக்கிறது. ஆனால் வேலூர் வழி பாதுகாப்பானதா என்று யாராவது இன்று அடித்துச் சொன்னால், அவர் கொஞ்சம் அவசரப்படுகிறார்.

வைரஸைக் கொண்டு மரபணுவைச் சேர்ப்பது ஒரு வகை. இருக்கிற மரபணுவைக் குறிப்பிட்ட இடத்திலேயே வெட்டித் திருத்துவது இன்னொரு வகை. கிரிஸ்பர் என்ற மரபணு வெட்டும் கருவி வந்த பிறகு அது எளிதாகிவிட்டது. இதிலும் எச்.ஐ.வி.தான் ஒரு பெரிய விவகாரத்துக்குக் காரணமாயிற்று.

எச்.ஐ.வி. பொதுவாக நம் செல்லுக்குள் நுழைய சி.சி.ஆர்.5 என்ற புரதத்தைப் பிடித்துக்கொள்ளும். ஐரோப்பியர்களில் சிலருக்கு அந்த மரபணுவில் 32 எழுத்துகள் பிறவியிலேயே இல்லை. இரண்டு நகலிலும் இல்லாதவர்களை வைரஸ் அநேகமாகத் தொடுவதில்லை. இந்தியர்களிடம் இந்த மாற்றம் மிக அரிது. பெர்லினில் ரத்தப் புற்றும் எச்.ஐ.வி.யும் சேர்ந்திருந்த டிமதி ரே பிரவுன் என்பவருக்கு, 2007இல் அப்படிப்பட்ட ஒரு கொடையாளரின் மஜ்ஜையை ஏற்றினார்கள். வைரஸ் மறைந்தது. உலகிலேயே எச்.ஐ.வி.யிலிருந்து குணமான முதல் மனிதர் அவர்.

2018 நவம்பரில் சீனாவின் ஷென்சென் நகர விஞ்ஞானி ஹெ ஜியான்குய், கருவிலேயே இந்த மரபணுவைத் திருத்தி இரட்டைப் பெண் குழந்தைகளைப் பிறக்க வைத்துவிட்டதாக அறிவித்தார். அப்பாவுக்கு எச்.ஐ.வி. இருந்தது; குழந்தைகளுக்கு வரக்கூடாது என்பது அவர் சொன்ன காரணம். உலகமே கொதித்தது. பெரும்பாலான கண்டனங்கள் மனித இனத்தின் வருங்காலம், கடவுளின் வேலை என்ற உயரத்தில் நடந்தன. தாம்பரத்தில் எச்.ஐ.வி. மாத்திரை கொடுக்கும் ஏ.ஆர்.டி. மையத்தில் வேலை பார்க்கும் ஒரு கவுன்சலர் கேட்டிருக்கக்கூடிய கேள்வி அதைவிடக் கூர்மையானது: இதற்கு எதற்கு சார் மரபணுவைத் தொடணும்?

அப்பாவுக்கு மட்டும் எச்.ஐ.வி. இருந்தால், விந்தணுக்களைக் கழுவிப் பிரித்துக் கரு உண்டாக்கினாலே வைரஸ் வராது. அவர் ஒழுங்காக மாத்திரை சாப்பிட்டு, ரத்தத்தில் வைரஸ் கண்டுபிடிக்க முடியாத அளவுக்கு இறங்கிவிட்டால், தாம்பத்திய உறவிலும் பரவாது. அம்மாவுக்கே இருந்தாலும், மருந்து எதுவும் இல்லாவிட்டால் குழந்தைக்கு வரும் வாய்ப்பு 15 முதல் 45 சதவீதம். அம்மாவுக்கும் குழந்தைக்கும் மருந்து கொடுத்தால் 5 சதவீதத்துக்கும் கீழே இறங்கிவிடும். தினம் ஒரு மாத்திரை, அதுவும் இலவசம். தாம்பரத்தில் இது அன்றாட வேலை. அங்கே சிகிச்சையில் இருக்கும் பெண்கள் நோயில்லாத குழந்தைகளைப் பெற்றுத் தூக்கிக்கொண்டு போகிறார்கள். எந்தப் பத்திரிகையிலும் அது செய்தியாவதில்லை.

ஷென்சென் குழந்தைகளுக்கோ அந்த 32 எழுத்து மாற்றம்கூடச் சரியாகக் கிடைக்கவில்லை. வெட்டிய இடத்தில் செல் தன் இஷ்டத்துக்கு ஒட்டிக்கொண்டதில், இதுவரை எந்த மனிதரிடமும் பார்த்திராத மாற்றங்கள் உண்டாயின. ஒரு குழந்தைக்கு ஒரு நகல்தான் மாறியது. உடம்பின் எல்லாச் செல்லிலும் ஒரே மாதிரி திருத்தம் ஏறியதா என்பதிலேயே சந்தேகம். சி.சி.ஆர்.5 இல்லாமல் நுழையத் தெரிந்த எச்.ஐ.வி. வகைகளும் உண்டு. சி.சி.ஆர்.5 இல்லாதவர்களை வெஸ்ட் நைல் காய்ச்சல் கடுமையாகத் தாக்குகிறது என்றும் தெரியும். அந்த மரபணு இல்லாதவர்கள் சீக்கிரம் இறக்கிறார்கள் என்று 2019இல் ஒரு ஆய்வு பரபரப்பாக வந்தது. தரவில் பிழை என்று சில மாதங்களிலேயே திரும்பப் பெறப்பட்டது. மரபணு ஒன்றை நீக்கினால் என்னென்ன நடக்கும் என்பதைத் தேர்ந்த நிபுணர்களே தப்பாகக் கணக்குப் போடுகிற நிலையில் நாம் இருக்கிறோம். 2019 டிசம்பரில் சீன நீதிமன்றம் ஹெ ஜியான்குய்க்கு மூன்று ஆண்டு சிறை விதித்தது.

வேலூர் நோயாளிக்குச் செய்ததற்கும் ஷென்செனில் செய்ததற்கும் உள்ள வித்தியாசம் முக்கியம். வேலூரில் மாறியது ஒருவரின் ரத்தச் செல்கள் மட்டும். அவருடைய பிள்ளைக்கு அது போகாது. அவர் வயதுக்கு வந்தவர், படிவத்தைப் படித்துக் கையெழுத்துப் போட்டவர். கருவில் செய்த திருத்தம் வம்சத்துக்கே போகும், கையெழுத்துப் போட யாரும் இல்லை. ஐ.சி.எம்.ஆர். 2017இல் வெளியிட்ட வழிகாட்டுதல்கள் மனிதக் கருவைத் திருத்திக் குழந்தை உண்டாக்குவதைத் தடை செய்கின்றன. நல்லது. ஆனால் நம் ஊரில் வழிகாட்டுதலுக்கும் ஆசைக்கும் நடுவே என்ன நடக்கும் என்பதற்கு முன்னுதாரணம் இருக்கிறது.

தாம்பரத்திலிருந்து மேடவாக்கம் போனாலும் சரி, பல்லாவரம் போனாலும் சரி, கருத்தரிப்பு மையங்களின் விளம்பரப் பலகைகளுக்குக் குறைவில்லை. குழந்தையில்லாத தம்பதிகளுக்கு அவை பெரிய ஆறுதல். அதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. ஆனால் வயிற்றில் இருக்கும் குழந்தையின் நலனைப் பார்க்க வந்த ஸ்கேன் கருவியை நாம் எதற்குப் பயன்படுத்தினோம் என்பதையும் மறக்க முடியாது. 1994இல் தனிச் சட்டமே போட வேண்டியிருந்தது. இன்றும் ஒவ்வொரு ஸ்கேன் மையச் சுவரிலும் பாலினம் தெரிவிக்கப்படாது என்ற போர்டு தொங்குகிறது. போர்டு தொங்குகிறது என்றால் கேட்கிறவர்கள் இருக்கிறார்கள் என்று அர்த்தம். நாளைக்கு நிறம், உயரம், மார்க் என்று கேட்பார்கள். அறிவியல் கேட்டதைக் கொடுக்காது என்பது ஒரு சின்ன நிம்மதி. உயரத்தை மட்டும் எடுத்துக்கொண்டால், 2022இல் வந்த பெரிய ஆய்வின்படி அதோடு தொடர்புள்ள மாறுபாடுகள் 12,000க்கும் மேல். எதைத் திருத்துவது? கொடுக்க முடியாததைக் கொடுப்பதாகச் சொல்லி விற்கத்தான் ஆள் வருவார்கள்; நான் அஞ்சுவது மேதைக் குழந்தைகளுக்கு அல்ல, அந்த ரசீதுக்கு.

திருத்தம் உண்மையிலேயே தேவைப்படும் இடமும் நம்மிடம் இருக்கிறது. அரிவாள் செல் சோகை நீலகிரிப் பழங்குடிகளிடம் இருப்பதை லேமன், கட்புஷ் என்ற இருவர் 1952லேயே பதிவு செய்தார்கள். இந்தியாவில் அந்த நோயின் முதல் பதிவே அதுதான். மாத்திரையால் வலியைக் குறைக்கலாம். குணமாக்க நெடுங்காலம் மஜ்ஜை மாற்றம் ஒன்றுதான் வழியாக இருந்தது, அதற்கும் பொருத்தமான கொடையாளர் கிடைக்க வேண்டும். இந்த நோய்க்குத்தான் 2023 இறுதியில் பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் உலகின் முதல் கிரிஸ்பர் சிகிச்சைக்கு அனுமதி கிடைத்தது. அமெரிக்காவில் விலை 22 லட்சம் டாலர். நம் பணத்தில் 18 கோடி ரூபாய்க்கு மேல். கூடலூர்ப் பக்கத்துப் பணியர் குடியிருப்பில் இந்தத் தொகையைச் சொன்னால் எத்தனை சைபர் என்று கேட்பார்கள்.

16 கோடி ரூபாய் ஊசி என்ற சொல் தமிழ்நாட்டில் எல்லாருக்கும் தெரியும். 2021இல் நாமக்கல் மாவட்டக் குழந்தை ஒன்றின் தசைச் சிதைவு நோய்க்காக ஊர் ஊராகப் பணம் திரண்டது. அந்த ஊசியும் மரபணு சிகிச்சைதான். ஒரு குழந்தைக்குத் திரட்டலாம். இரண்டாவது குழந்தைக்கு வேகம் குறையும், ஐந்தாவது குழந்தையின் படம் வாட்ஸ்அப்பில் வந்தால் தள்ளிவிட்டுப் போவோம். ஜனங்களின் இரக்கத்தை நம்பி ஒரு மருத்துவ முறையை நடத்த முடியாது.

2001இல் சிப்லா செய்ததை இதில் யாராவது செய்ய முடியுமா? மாத்திரையைப் போல இதை நகலெடுப்பது எளிதில்லை. ஒவ்வொரு நோயாளியின் செல்லையும் தனியாக எடுத்து, தனியாகத் திருத்தி, திரும்பக் கொடுக்க வேண்டும். இருந்தும் ஒரு தொடக்கம் நடந்திருக்கிறது. ஐ.ஐ.டி. பம்பாயும் டாடா மெமோரியல் மருத்துவமனையும் சேர்ந்து உருவாக்கிய நெக்ஸ்கார்19 என்ற ரத்தப் புற்று சிகிச்சைக்கு 2023 அக்டோபரில் அனுமதி கிடைத்தது. நோயாளியின் வெள்ளணுவுக்குள் லென்டிவைரஸால் ஒரு மரபணுவைச் சொருகி, புற்றுச் செல்லை அடையாளம் காண வைப்பதுதான் இதுவும். அமெரிக்காவில் இதே வகை சிகிச்சைக்கு மூன்று நான்கு கோடி ரூபாய். இங்கே சில பத்து லட்சங்கள். பத்தில் ஒரு பங்கு என்பது சாதாரணமில்லை. ஆனால் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டில் ஒரு குடும்பத்துக்கு ஆண்டு வரம்பு 5 லட்சம். பெருங்களத்தூரில் வாடகை வீட்டில் இருக்கும் ஒரு ஆட்டோ டிரைவருக்கு 4 கோடியும் 30 லட்சமும் ஒன்றுதான். வேலூர் சிகிச்சையின் எதிர்காலம், வெக்டரை இங்கேயே பெருமளவில் தயாரிக்கும் ஆலைகளைக் கட்டுகிறோமா, அரசு வாங்குமா என்பதைப் பொறுத்திருக்கிறது. 1996க்கும் 2004க்கும் நடுவில் தாம்பரம் கண்டதை மறுபடி காண வேண்டாம் என்றால், இந்தக் கணக்கை இப்போதே போட்டாக வேண்டும்.

விலை இறங்கினாலும் ஒரு வேலை பாக்கி இருக்கிறது. அதைப் பற்றி யாரும் பேசுவதில்லை. மரபணுவை நிரந்தரமாகச் சொருகும் சிகிச்சை பெற்றவர்களை 15 ஆண்டு தொடர்ந்து கண்காணிக்க வேண்டும் என்பது அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு நிறுவனத்தின் வழிகாட்டுதல். பாரிஸ் குழந்தைகளுக்கு ஆனது வேறு யாருக்காவது ஆகிறதா என்று பார்க்க வேறு வழியில்லை. ஐந்து பேரை டாக்டர்களே பெயர் சொல்லி நினைவில் வைத்துக்கொள்வார்கள். ஐயாயிரம் பேர் ஆனால்? ஏழாம் வருஷம் ஒருவர் திருப்பூருக்கு வேலைக்குப் போவார், இன்னொருவர் போன் நம்பரை மாற்றுவார், வேறொருவர் குணமாகிவிட்டோமே என்று கல்யாணத்துக்குப் பெண் பார்க்கும் நேரத்தில் மருத்துவமனைப் பேச்சையே விரும்பமாட்டார்.

இந்த வேலை நம்மிடம் யாருக்கும் தெரியாத வேலை இல்லை. ஏ.ஆர்.டி. மையத்தில் ஒவ்வொரு நோயாளிக்கும் ஒரு வெள்ளை அட்டை இருக்கும். மருந்து தொடங்கிய தேதி, எடை, ரத்தச் சோதனை, அடுத்து வரவேண்டிய நாள் எல்லாம் அதில். நோயாளி கையில் ஒரு பச்சைப் புத்தகம். வேறு ஊருக்கு மாறினால் அங்கிருக்கும் மையத்துக்குப் பதிவும் மாற்றப்படும். குறித்த நாளில் வராதவரை முதலில் போனில் கூப்பிடுவார்கள். எடுக்காவிட்டால் களப்பணியாளர் முகவரி தேடிப் போவார், அக்கம்பக்கத்துக்கு என்ன நோய் என்று தெரியாமல் விசாரித்துக்கொண்டு வருவார். இருபது வருஷத்துக்கு மேலாக, நோயை மறைக்க நினைக்கும் லட்சக்கணக்கானவர்களை இப்படித்தான் பிடித்து வைத்திருக்கிறார்கள். மரபணு சிகிச்சைக்குத் தேசியப் பதிவேடு போட நினைக்கிறவர்கள் வெளிநாட்டு மென்பொருள் வாங்குவதற்கு முன்னால், மின்சார ரயிலில் ஏறிச் சானடோரியத்தில் இறங்கி, ஒரு வாரம் அந்த அட்டைகளோடு உட்கார்ந்துவிட்டு வரலாம்.